பலகைக்கு விலை உண்டு, ஆட்டத்துக்கு?

காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவின் பழைய சாமான் கடைகளில் தேக்குத் தூண், எனாமல் பாத்திரம், பெல்ஜியம் கண்ணாடி என்று செட்டிநாட்டு வீடுகளிலிருந்து கழன்று வந்த பொருள்களுக்கு நடுவே பல்லாங்குழிப் பலகைகளும் கிடைக்கும். மீன் வடிவில் மடிகிற மரப்பலகை உண்டு, பித்தளையில் வார்த்ததும் உண்டு. வாங்கிச் செல்பவர் அதை வரவேற்பறைச் சுவரில் மாட்டுகிறார். அது கலைப்பொருள் என்பதில் யாருக்கும் சந்தேகம் வருவதில்லை. ஆனால் பலகையோடு புளியங்கொட்டை வருவதில்லை. குழிக்கு எத்தனை போடுவது, எத்தனை சேர்ந்தால் ‘பசு’ என்று அள்ளிக்கொள்வது, வெற்றுக் குழி வந்தால் என்ன செய்வது என்ற விதிகளும் கூட வருவதில்லை. மரத்தைச் செதுக்கியவரைக் கலைஞர் என்கிறோம். பதினான்கு குழியும் ஒரு கை விதையும் வைத்து ஒரு மதியப் பொழுதை நகர்த்தும் அந்த ஆட்டத்தை வகுத்தவர்களை அப்படிச் சொல்ல நமக்கு வாய் வருவதில்லை.

வீடியோ கேம் கலையா என்று வாதம் வரும்போதெல்லாம் இதே பிழைதான் நடக்கிறது. படங்கள் அழகாக இருந்தால், இசை உருக்கமாக இருந்தால், கதை கண்ணீர் வரவழைத்தால் ஒரு கேமுக்குக் கலை என்ற பெயர் இப்போது சுலபமாகக் கிடைத்துவிடுகிறது. இவை எல்லாமே பலகையின் அழகு. வாத்து கத்தி ஊரைக் கலைக்கும் கேமும், பந்து உருட்டி வீட்டுச் சாமானை எல்லாம் ஒட்டிக்கொள்ளும் கேமும் வரும்போதுதான் “இது பிள்ளைகள் விளையாட்டு” என்று கதவு சாத்தப்படுகிறது. என் கணிப்பு நேர் எதிரானது. இந்தக் கிறுக்கு விளையாட்டுகளில்தான் கேம் என்ற கலை எதனால் ஆனது என்பது கலப்பில்லாமல் தெரிகிறது. கையும் விதியும் சந்திக்கும் இடத்தில் நடப்பதைத் தவிர அவற்றிடம் காட்டுவதற்கு வேறு அதிகம் இல்லை.

ஜப்பானின் நாம்கோ நிறுவனம் 2004இல் பிளேஸ்டேஷன் 2 என்ற கேம் கருவிக்கு வெளியிட்ட ‘கட்டமாரி டமாசி’யை எடுத்துக்கொள்வோம். வடிவமைத்த கெய்ட்டா தகாஹாஷி, முசாஷினோ கலைப் பல்கலைக்கழகத்தில் சிற்பம் படித்தவர். மாணவராக இருந்தபோது ஆட்டு உருவத்தில் ஒரு பூந்தொட்டி செய்தார். செடிக்கு ஊற்றிய தண்ணீர் ஆட்டின் மடி வழியாக வடியும். அதே மனம்தான் கேமுக்குள்ளும் வேலை செய்திருக்கிறது. பிரபஞ்சத்தின் அரசர் ஒரு போதையில் வானத்து நட்சத்திரங்களை எல்லாம் உடைத்துவிடுகிறார். 5 சென்டிமீட்டர் உயரமுள்ள மகனைப் பூமிக்கு அனுப்பி, “ஒட்டுகிற பந்தை உருட்டிக் கிடைத்ததை எல்லாம் சேர்த்து வா, அதை நட்சத்திரமாக்கிக் கொள்கிறேன்” என்கிறார். கட்டமாரி என்றால் ஜப்பானியத்தில் திரண்ட கட்டி. தமிழ்க் ‘கட்டி’யோடு ஒலி ஒத்துப்போவது தற்செயல்தான், ஆனாலும் நம் காதில் அந்தப் பெயர் உடனே தங்கிவிடுகிறது.

இனி கைக்கு வருவோம். இந்த ஆட்டத்துக்குக் கட்டுப்பாட்டுக் கருவியில் இருக்கும் இரண்டு குச்சிகளே போதும். இரண்டையும் முன்னால் தள்ளினால் பந்து முன்னால் உருளும். இரண்டையும் இடப்பக்கம் சாய்த்தால் பக்கவாட்டில் நகரும். ஒன்றை மேலேயும் மற்றதைக் கீழேயும் தள்ளினால் இளவரசன் பந்தைச் சுற்றி வந்து திசை மாறுவான். இரண்டையும் மாறி மாறி வேகமாக ஆட்டினால் பந்து சீறிப் பாயும். இரண்டையும் ஒரே நேரத்தில் அழுத்தினால் பந்துக்கு மறுபக்கம் தாவிக் குதிப்பான். பாரமான உருளையை இரண்டு உள்ளங்கையாலும் தள்ளும்போது எந்தக் கை முந்துகிறதோ அதற்கு எதிர்ப்பக்கம் உருளை திரும்புமே, அந்த உடல் அறிவைத்தான் இரண்டு கட்டைவிரலுக்குள் இறக்கி வைத்திருக்கிறார்கள். ஆட்டு உரலில் குழவி பிடித்துப் பழகிய கைக்கு இதை விளக்கவே வேண்டாம்.

பந்தைவிடச் சிறியது ஒட்டும், பெரியது முட்டும் என்பதுதான் விதி. முட்டினால் ஏற்கெனவே ஒட்டியது சில உதிர்ந்து விழும். முதல் கட்டத்தில் பந்தின் அளவு 5 சென்டிமீட்டர், இலக்கு 10. குண்டூசி, அழிரப்பர், மிட்டாய் என்று ஒட்டிக்கொண்டே போகிறது. பந்து பெரிதாக ஆக ஒட்டும் பொருளும் பெரிதாகிறது. விட்டம் இரண்டு மடங்கானால் கன அளவு எட்டு மடங்காகும். அதனால் முதல் நிமிடத்தில் தவழ்வது போலத் தோன்றிய வளர்ச்சி திடீரென்று துள்ளிக் கிளம்புகிறது. பென்சில் போன்ற நீளமான பொருள் ஒட்டினால் அது துருத்திக்கொண்டு நிற்கும், பந்து அந்த இடத்தில் நொண்டும். வட்டமாக உருளவேண்டிய பந்தைத் தடுக்கித் தடுக்கி உருட்டும்போது வரும் சிரிப்பு யாரும் எழுதிவைத்த நகைச்சுவை வசனத்திலிருந்து வருவதில்லை. பொருளின் வடிவத்திலிருந்தும் உங்கள் அவசரத்திலிருந்தும் வருகிறது. சற்றுமுன் முட்டித் தள்ளிய பூனை பந்து பெரிதானதும் கத்திக்கொண்டே ஒட்டிக்கொள்ளும். அடுத்தடுத்த கட்டங்களில் நாற்காலி, சைக்கிள், மனிதர், மாடு, கார். கடைசிக் கட்டத்தில் 1 மீட்டரில் தொடங்கி 300 மீட்டரை எட்டவேண்டும். வீடுகளும் கப்பல்களும் வானவில்லும்கூட அதில் ஒட்டும்.

இந்த இடத்தில் தொல்காப்பியத்தைத் திறப்பது வலிந்து செய்யும் வேலையாகத் தோன்றலாம். ஆனால் உணர்ச்சிகளின் வெளிப்பாட்டைப் பேசும் அதன் மெய்ப்பாட்டியலில் வியப்புக்கு, அதாவது மருட்கைக்கு, சொல்லியிருக்கும் நான்கு காரணங்களைப் படித்துவிட்டு இந்தக் கேமை ஆடினால் புத்தகத்தைத் தள்ளி வைக்க முடியாது. “புதுமை பெருமை சிறுமை ஆக்கமொடு மதிமை சாலா மருட்கை நான்கே.” கண்டறியாதது, மிகப் பெரியது, மிகச் சிறியது, ஒன்று இன்னொன்றாக மாறுவது. அறிவு எட்டுமுன் வந்துவிடும் வியப்புக்கு இவை நான்கும் ஊற்று. கட்டமாரி நான்கையும் ஒரே உருட்டலில் வைத்திருக்கிறது. குண்டூசி மலையாகத் தெரியும் சிறுமையில் தொடங்கி, ஊரே கடுகாகத் தெரியும் பெருமையில் முடிகிறது. நடுவில் இருப்பது முழுக்க ஆக்கம். ஒரு ஓவியமும் இந்த நான்கையும் காட்டலாம், ஒரு பாட்டும் சொல்லலாம். சிறுமை பெருமையாவதை உங்கள் கட்டைவிரலின் உழைப்பாகவே உணரவைப்பது கேமால் மட்டும் முடிந்த காரியம்.

அதே இயலில் எட்டு மெய்ப்பாடுகளை வரிசைப்படுத்தும்போது “நகையே அழுகை” என்றுதான் தொடங்குகிறது. சிரிப்பு முதலில், அழுகை அதன்பின். உவகைக்கான நான்கு காரணங்களைச் சொல்லும் நூற்பாவில் செல்வம், புலன், புணர்வு ஆகியவற்றோடு விளையாட்டும் பெயர் சொல்லியே இடம்பெறுகிறது. மெய்ப்பாட்டியல் செய்யுளுக்கும் கூத்துக்கும் எழுதியது, பொம்மைக்கு எழுதியது இல்லை என்று ஒருவர் மறுக்கலாம். சரியான மறுப்புதான். அளவுகோலை மட்டுமே இங்கே கடன் வாங்குகிறோம். ஆனால் சிரிப்பைக் கடைசி வரிசைக்குத் தள்ளுவது நம் மரபு சொல்லிக்கொடுத்த பழக்கம் இல்லை என்பதற்கு அந்த வரிசையே சாட்சி.

காரைக்குடியில் இதைச் சொல்லும்போது இன்னொன்றையும் சேர்க்க வேண்டும். சா. கணேசன் 1939இல் இங்கே கம்பன் கழகத்தைத் தொடங்கினார். ஆண்டுதோறும் கம்பன் விழா நடக்கும் ஊர் இது. நிறைவு நாளுக்கு நாட்டரசன்கோட்டைக் கம்பன் சமாதிக்குப் போகிற வழக்கமும் உண்டு. அந்தக் கம்பன் இராமாயணத்தைத் தொடங்கும் முதல் பாட்டிலேயே உலகைப் படைப்பது, காப்பது, அழிப்பது மூன்றையும் “அலகிலா விளையாட்டு” என்கிறான். ஆக்கும் வேலைக்கு விளையாட்டைவிட உயர்ந்த சொல் அவனுக்குத் தேவைப்படவில்லை. நட்சத்திரங்களை உடைத்துவிட்டு மகனை உருட்டச் சொல்லும் ஜப்பானிய அரசரைப் பார்க்கும்போது இந்த வரி நினைவுக்கு வராமல் போகாது.

ஆய கலைகள் அறுபத்து நான்கு என்பதையும் சிலர் சான்றுக்கு இழுப்பார்கள். காமசூத்திரம் எழுதிய வாத்ஸ்யாயனரின் பட்டியலில் விடுகதை, நாக்கு புரளும் சொற்கள், சூதாட்டம், பிள்ளைகளுக்கான விளையாட்டுப் பொருள்கள் எல்லாம் உண்டு என்பது உண்மை. ஆனால் அங்கே கலை என்றால் கற்றுத் தேரும் திறமை என்றே பொருள். இன்றைய அருங்காட்சியகத்துக் கலையோடு அதைச் சமன் செய்தால் வாதம் பலவீனமாகும். அதை இங்கேயே விட்டுவிடலாம்.

வெளியே இந்த வாதம் எப்படி நடந்தது என்பதைச் சுருக்கமாகப் பார்க்கலாம். அமெரிக்கத் திரை விமர்சகர் ராஜர் ஈபர்ட் 2010 ஏப்ரலில், வீடியோ கேம் ஒருபோதும் கலையாகாது என்று எழுதினார். கேமுக்கு விதி, புள்ளி, இலக்கு, முடிவு உண்டு, அதில் வெல்லலாம், கலையை வெல்ல முடியாது, அனுபவிக்கத்தான் முடியும் என்பது அவர் வாதத்தின் முள். அதே ஆண்டு ஜூலையில், விளையாடிப் பார்க்காத ஒன்றைப் பற்றிப் பேசியிருக்கக் கூடாது என்று ஒத்துக்கொண்டார். 2011 ஜூனில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் 7க்கு 2 என்ற கணக்கில், நூல், நாடகம், திரைப்படம் போலவே கேமுக்கும் கருத்துரிமைப் பாதுகாப்பு உண்டு என்று தீர்ப்பளித்தது. தணிக்கை பற்றிய வழக்கு அது, கலைத்தரம் பற்றியது இல்லை. அந்தத் தீர்ப்பைக் காட்டி எல்லாக் கேமும் கலை என்பவர்கள் அதைப் படிக்காதவர்கள்.

2012 நவம்பரில் நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகம் 14 கேம்களைத் தன் சேகரிப்பில் சேர்த்ததுதான் நமக்கு முக்கியம். பேக்மேன், டெட்ரிஸ் ஆகியவற்றோடு கட்டமாரியும் அதில் இருந்தது. 1999இல் வந்த ‘விப் ரிப்பன்’ என்ற இன்னொரு கிறுக்கும் இருந்தது. கருந்திரையில் ஒரே வெள்ளைக்கோடு, அதன்மேல் கோட்டுச் சித்திரமாக ஒரு முயல். கேம் முழுவதும் கருவியின் நினைவகத்தில் ஏறிவிடும் என்பதால் அதன் தட்டை வெளியே எடுத்துவிட்டு உங்கள் வீட்டு இசைத்தட்டைப் போடலாம். அந்தப் பாட்டின் தாளத்துக்கு ஏற்பக் கோட்டில் பள்ளமும் மேடும் சுழியும் முளைக்கும். விஸ்வநாதன் ராமமூர்த்தி தட்டு போட்டால் அதற்கொரு பாதை, நாதஸ்வரத் தட்டு போட்டால் வேறொரு பாதை. ஒரு பாட்டைக் காலால் கடந்து போவது எப்படி இருக்கும் என்பதை அந்த முயல் காட்டுகிறது.

இந்த 14ஐயும் தேர்ந்தெடுத்த பொறுப்பாளர் பாவோலா அன்டொனெல்லி, அவற்றைக் கட்டடக்கலை, வடிவமைப்புப் பிரிவில்தான் சேர்த்தார். பயனரும் பொருளும் ஊடாடும் விதத்தை வடிவமைப்பதே அவர் தேடியது. எதிர்ப்பாளர்கள் இதைப் பிடித்துக்கொண்டு, அருங்காட்சியகமே வடிவமைப்பு என்றுதானே சொல்கிறது, கலை என்று சொல்லவில்லையே என்றார்கள். செட்டிநாட்டு வீட்டில் வளர்ந்தவர்களுக்கு இந்தப் பிரிவினை புரியாது. கானாடுகாத்தானிலோ பள்ளத்தூரிலோ ஒரு வளவு வீட்டுக்குள் நுழைந்தால் எது கட்டடம், எது கலை என்று கோடு போட இடமில்லை. பட்டாலைத் திண்ணையில் உட்கார்ந்து பேசுகிறோம், ஆத்தங்குடிக் கல்லை மிதித்து நடக்கிறோம். முகப்பின் உச்சியில் கஜலட்சுமிக்குப் பக்கத்திலேயே துப்பாக்கி ஏந்திய வெள்ளைக்காரச் சிப்பாய் சுதையில் நிற்கிறான். இறக்கை முளைத்த தேவதை நிற்கிறாள். கோடிக்கணக்கில் வணிகம் செய்த குடும்பங்கள் தங்கள் வீட்டு நெற்றியில் விளையாட்டுக்கு இடம் விட்டார்கள். அந்தச் சிப்பாயைச் செய்த கொத்தனார் சிரிக்காமல் செய்திருப்பார் என்று நம்ப முடியவில்லை.

வாத்துக்கு வருவோம். ஆஸ்திரேலியாவின் மெல்பர்ன் நகரில் ஹவுஸ் ஹவுஸ் என்ற சிறு குழு 2019இல் வெளியிட்ட ‘அன்டைட்டில்ட் கூஸ் கேம்’ ஒரு வாத்தின் படத்தைக் குழு உரையாடலில் ஒருவர் வேடிக்கையாகப் பகிர்ந்ததில் பிறந்தது. அமைதியான ஆங்கிலக் கிராமம். நீங்கள் ஒரு வாத்து. கையில் ஒரு பட்டியல்: தோட்டக்காரரை நனைக்கவும், அவரைத் தொப்பி மாற்றவைக்கவும், இலை வாரும் கோலைக் குளத்தில் போடவும். கத்த ஒரு பொத்தான், கழுத்தைத் தாழ்த்த ஒன்று, அலகால் கவ்வ ஒன்று, இறக்கையடிக்க ஒன்று. இறக்கையடிப்பதால் எந்த வேலையும் முடியாது. அந்தப் பொத்தானை வைத்தவர்கள் வாத்தைப் புரிந்தவர்கள்.

இதில் ஒரு காட்சியைப் பக்கத்தில் போய்ப் பார்க்கலாம். தோட்டக்காரர் வாத்துக்குத் தடை என்ற பலகையைச் சுத்தியலால் அடித்து நடுகிறார். சுத்தியல் இறங்கும் அந்த நொடியில் நீங்கள் கத்தினால் அவர் தன் விரலிலேயே அடித்துக்கொள்வார். கொஞ்சம் முன்னால் கத்தினால் திரும்பிப் பார்ப்பார், பின்னால் கத்தினால் வேலை முடிந்துவிட்டிருக்கும். திரைப்படத்தில் இந்தக் காட்சி வந்தால் நேரம் தவறாமல் கத்தியது நடிகரின் திறமை, வெட்டியது தொகுப்பாளரின் திறமை. நாம் பார்த்துச் சிரிப்போம். இங்கே காலம் பார்த்தது உங்கள் விரல். வடிவமைத்தவர்கள் செய்தது, அந்தக் காலத்தை நீங்கள் கண்டுபிடிக்கும்படி சுத்தியலின் ஓங்கலைக் கொஞ்சம் பெரிதாக்கி, தெரியும்படி வைத்தது. இது கூத்தில் கட்டியங்காரனுக்குப் பின்பாட்டுக்காரர் விடும் இடைவெளியைப் போன்றது. அந்த இடைவெளியின் அளவு கலைவேலைதான். ஈபர்ட் கேட்ட கேள்விக்கும் பதில் இங்கேயே இருக்கிறது. பட்டியலில் ஒரு கோடு விழுவதற்காக யாரும் அந்த விரலை நசுக்குவதில்லை. சரியான நொடியைப் பிடித்த சந்தோஷம்தான் மிச்சம், அதை வெற்றி என்று எண்ணில் எழுத முடியாது.

இசையிலும் அதே கவனம். பிரெஞ்சு இசையமைப்பாளர் டெபுசியின் பியானோத் துண்டுகளை எடுத்து, இந்தக் கேமுக்கு இசை அமைத்த டான் கோல்டிங் அவற்றை இரண்டு விதமாகப் பதிந்தார். ஒன்று துடிப்பாக, மற்றொன்று அடக்கமாக. பிறகு இரண்டையும் இரண்டிரண்டு தாளத் துணுக்குகளாக நறுக்கினார். வாத்து சும்மா நடந்தால் மௌனம். பதுங்கிப் போனால் அடக்கமான துணுக்கு. திருடிக்கொண்டு ஓடினால் துடிப்பான துணுக்கு. எந்தத் துணுக்குக்குப் பின் எது வந்தாலும் காதில் உறுத்தக் கூடாது என்பதுதான் கஷ்டம். 2017இல் வந்த முன்னோட்டக் காணொளியில் இசை வெறுமனே பொருந்தும்படி ஒட்டப்பட்டிருந்தது. பார்த்தவர்கள் இசை தானாகவே வாத்துக்கு ஏற்ப மாறுகிறது என்று நினைத்துப் பாராட்டினார்கள். அதன்பிறகுதான் அதை நிஜமாகவே செய்யும் வேலையில் இறங்கினார்கள். ஒரு பாடகருக்குப் பின்னால் மிருதங்கம் கவனித்துக் காத்திருப்பதைப்போல, கேட்டு வாசிக்கும் பக்கவாத்தியமாகப் பியானோ ஆகிவிட்டது.

உடம்பு முழுவதையும் சிரிப்பாக்கிய கேம் ஒன்றும் உண்டு. தத்துவம் படித்த ஆஸ்திரேலியர் பென்னட் ஃபோடி 2008இல் செய்த ‘க்யூவாப்’. உலாவியிலேயே ஓடும். 100 மீட்டர் ஓட்டப்பந்தயம். க்யூ, டபிள்யூ விசைகள் இரண்டு தொடைகளை அசைக்கும், ஓ, பி விசைகள் இரண்டு கெண்டைக்கால்களை. நான்கும் நான்கு விரலில் இருக்க, முதல் முறை ஆடும் யாரும் சில அடிகளைத் தாண்டுவதில்லை. தலைகுப்புற விழுவார்கள், இல்லாவிட்டால் ஒரு முழங்காலை மடக்கி இழுத்துக்கொண்டே போவார்கள். க்யூவும் பியும் சேர்த்து, பின் டபிள்யூவும் ஓவும் சேர்த்து மாறி மாறி அழுத்தினால் நடை பிடிபடத் தொடங்கும். நடப்பது எவ்வளவு பெரிய காரியம் என்பது ஒரு வயதுக் குழந்தைக்கும் இந்தக் கேமை ஆடுபவருக்கும்தான் தெரியும். சொட்டாங்கல்லில் ஒன்றை மேலே போட்டு நான்கை அள்ளும்போது கைக்கு வருகிற அதே பதற்றம், அதே சிரிப்பு.

இத்தனையும் சொன்னபின் ஒன்றைத் தெளிவாகச் சொல்லியாக வேண்டும். கிறுக்காக இருப்பதாலேயே ஒன்று கலையாகிவிடாது. போனில் இலவசமாகக் கிடைக்கும் பல வேடிக்கை கேம்களில் சிரிப்பு மேலே ஒட்டிய ஸ்டிக்கர்தான். தொப்பி போட்ட பூனை, அலறும் கோழி, ஆனால் அடியில் ஒரே மாதிரி மூன்றைச் சேர்த்துப் பொருத்துகிற அதே ஆட்டம், அரை நிமிடத்துக்கொரு விளம்பரம். பூனையை எடுத்துவிட்டு ஒரு சதுரத்தை வைத்தாலும் கையில் எந்த மாற்றமும் தெரியாது. கட்டமாரியில் பொருள்களை எல்லாம் சாம்பல் நிறக் கட்டைகளாக்கினாலும் நொண்டும் பந்து நொண்டத்தான் செய்யும், சிரிப்பு பாதியாவது மிஞ்சும். ஒரு கேமைச் சோதிக்க இது நல்ல வழி. அலங்காரத்தை மனதுக்குள் கழற்றிவிட்டு, விரலில் சிரிப்பு மிஞ்சுகிறதா என்று பார்க்கலாம்.

செய்பவர்கள் தவறும் இடத்தைப் புரிந்துகொள்ள ஆத்தங்குடிக் கல் பட்டறைக்குள் போனால் போதும். அங்கே கல்லின் முகம் கீழே பார்த்தபடி பிறக்கிறது. அடியில் ஒரு கண்ணாடித் தகடு, சுற்றி இரும்புச் சட்டம், அதற்குள் உலோக அச்சு. ஆக்சைடு நிறம் கலந்த சிமெண்டுக் குழம்பை அச்சின் ஒவ்வொரு அறையிலும் கரண்டியால் ஊற்றுகிறார்கள். அச்சை நேராக மேலே தூக்குகிறார்கள். மேலே உலர்ந்த சிமெண்டு, மணல் கலவையைத் தூவினால் அது நிறக் குழம்பின் ஈரத்தை உறிஞ்சும். அதற்கும் மேலே ஈரமான கலவையை நிரப்பி மட்டம் செய்கிறார்கள். காய்ந்தபின் தண்ணீர்த் தொட்டியில் போட்டு எடுக்கிறார்கள். கண்ணாடி கழன்றபின்தான் பூ தெரியும். குழம்பு நீர்த்துப்போனால் சிவப்பு பச்சைக்குள் கசியும். கெட்டியானால் நிறங்கள் ஒன்றோடொன்று சேராமல் இடைவெளி விழும். அச்சைத் தூக்கும்போது கை கோணினால் இதழ் இழுபடும். ஊற்றுகிற நேரத்தில் இதில் எதையும் கண்ணால் பார்க்க முடியாது. அச்சே இல்லாமல் கரண்டியைச் சுழற்றி ஒரே ஊற்றில் பூ போடும் மூத்த தொழிலாளர்களும் உண்டு. அவர்கள் ஊற்றும்போதே மறுபக்கத்தை மனதில் பார்த்துவிடுகிறார்கள்.

கேம் வடிவமைப்பும் இப்படி முகம் கவிழ்த்துச் செய்யும் வேலை. எழுதுகிறவருக்குக் கிடைப்பது விதி மட்டுமே, சிரிப்பு மறுபக்கத்தில் இருக்கிறது. வேறொருவர் கையில் கொடுத்து ஆடவிட்டுப் பார்க்கும்போதுதான் கண்ணாடி கழல்கிறது. அதனால் இந்தத் தொழிலில் சோதனை ஆட்டம் அத்தனை முக்கியம். பார்க்கும்போது பேசக் கூடாது, வழி சொல்லக் கூடாது. முதல் சிரிப்பு எந்த நொடியில் வந்தது, இரண்டாவது முறை அதே இடத்தில் வந்ததா என்று மட்டும் குறித்துக்கொள்ள வேண்டும். முதல் முறை மட்டும் வந்து இரண்டாவது முறை வராத சிரிப்பு பெரும்பாலும் வெறும் ஆச்சரியம்தான். உடல் இயக்கத்தைக் கணினியின் இயற்பியலிடம் முழுக்க விட்டுவிடும் கேம்களில் இது அடிக்கடி நடக்கும். பொருள்கள் தாறுமாறாகப் பறக்கும், பத்து நிமிடம் சிரிப்போம், பின் சலித்துப்போகும். குழம்பு நீர்த்துவிட்டது, நிறம் நிறமாக நிற்கவில்லை. மாறாக ஒவ்வொரு அசைவுக்கும் கடிவாளம் போட்டுவிட்டால் ஆடுபவருக்குக் கண்டுபிடிக்க எதுவும் இருக்காது, அது கெட்டியான குழம்பு.

டொரண்டோவில் இயங்கும் விசை கேம்ஸ் 2023இல் வெளியிட்ட ‘வெண்பா’வைத் தமிழர்கள் உடனே நெஞ்சோடு அணைத்துக்கொண்டார்கள். 1980களில் கனடாவுக்குப் போன ஒரு தமிழ்க் குடும்பம், கிழிந்துபோன சமையல் குறிப்பேடு, இட்லித் தட்டையும் புட்டுக் குழலையும் சரியான வரிசையில் அடுக்கிக் கண்டுபிடிக்க வேண்டிய பக்குவம். மறுவருடம் பிரிட்டனின் பாஃப்டா அமைப்பு தரும் அறிமுக கேம் விருதும் பெற்றது. அந்தப் பெருமைக்கு அது முழுக்கத் தகுதியானது. ஆனால் அதைக் கலை என்று ஏற்ற அதே வாய், வாத்தைப் பார்த்ததும் தயங்குகிறது. கண்ணீருக்குக் கொடுக்கிற மரியாதையைச் சிரிப்புக்குக் கொடுக்காததே அதற்குக் காரணம் என்று நினைக்கிறேன். வெண்பாவிலும் நெஞ்சில் நிற்பது கதையின் துயரம் மட்டும் இல்லை. புட்டுக் குழலின் அடித்தட்டை மறந்து மாவு கொட்டிப்போகும் தருணத்தில் அம்மாவின் கை நினைவை உங்கள் கை தேடுகிறது. அந்தத் தேடலும் விளையாட்டின் வேலைதான்.

இந்தக் கேம்களை வீட்டில் பெரியவர்களுக்குக் காட்ட நினைப்பவர்களுக்குச் சில நடைமுறைக் குறிப்புகள். புதிய டிவிக்கள் படத்தை மெருகேற்றுவதற்காகக் கொஞ்சம் தாமதித்தே காட்டும். கேம் ஒரு நொடிக்கு 60 படச்சட்டங்கள் ஓடினால் ஒரு சட்டத்துக்கு ஏறத்தாழ 17 மில்லிசெகண்ட். டிவி 100 மில்லிசெகண்ட் தாமதித்தால் ஆறு சட்டம் பின்தங்கும், சுத்தியல் நகைச்சுவை செத்துவிடும். டிவியின் அமைப்புகளில் கேம் மோடு என்று இருக்கும், அதைப் போட்டுவிட்டால் இந்த மெருகேற்றல் நின்றுவிடும். புளூடூத் காதுக்கருவி வேண்டாம். ஒலி அதில் இன்னும் தாமதமாக வரும். தாளத்தோடு ஆடும் விப் ரிப்பன் போன்றவற்றை அது அடியோடு கெடுத்துவிடும். டிவியின் ஒலிபெருக்கியே போதும். அப்பத்தாவுக்கோ ஐயாவுக்கோ கையில் கொடுக்கும்போது க்யூவாப் வேண்டாம், விசைப்பலகை பழக்கமில்லாதவருக்கு அது எரிச்சல் மட்டுமே. கட்டமாரியின் மறுபதிப்பு 2018 முதல் கணினியிலும் நின்டெண்டோவின் ஸ்விட்ச் கேம் கருவியிலும் கிடைக்கிறது, அதில் தொடங்கலாம். பொத்தான்களை விளக்காமல் “குழவி தள்ளுற மாதிரி ரெண்டு கையாலயும் தள்ளுங்க ஆச்சி” என்று மட்டும் சொன்னால் போதும். முதல் கட்டத்தில் தோற்பது சகஜம். அரசர் கடுமையாகத் திட்டுவார், அதை வாசித்துக் காட்டினால் அதுவே பாதி வேடிக்கை. பட்டாலையில் நாலைந்து பேர் சுற்றி உட்கார்ந்திருந்தால் இன்னும் நல்லது. இந்தக் கேம்கள் தாயம்போல, வேடிக்கை பார்ப்பவர்களாலும் ஆடப்படுகின்றன.

காப்பாற்றி வைப்பது வேறு சிக்கல். கேமின் ஒரு படத்தைச் சட்டமிட்டு மாட்டினால் அது சுவரில் தொங்கும் பல்லாங்குழிப் பலகை மாதிரிதான். நியூயார்க் அருங்காட்சியகம் கேம்களை வாங்கும்போது மென்பொருளின் மூலக்குறிமுறையையும், முடிந்தால் பழைய கருவிகளையும் கேட்டுப் பெற முயன்றது இதனால்தான். ஆயிரக்கணக்கானோர் சேர்ந்து ஆடும் ‘ஈவ் ஆன்லைன்’ போன்றவற்றைக் காட்சியில் வைக்க வழியில்லாமல் காணொளியாகக் காட்டினார்கள். பிளேஸ்டேஷன் 2இன் குச்சிகள் தேய்ந்து தளர்ந்துபோனால் கட்டமாரியின் பாரம் கையில் தெரியாது, படம் துல்லியமாக இருந்தும் ஆட்டம் மாறிப்போகும். கதவு நிலையை மட்டும் பெயர்த்து வேறு ஊரில் வைத்தால் அது எந்தக் கட்டிலிருந்து எந்தக் கட்டுக்குத் திறந்தது என்பது தெரியாமல் போவதைப்போல.

நம் வீட்டுப் பல்லாங்குழிக்கும் இதே கதி நேராமல் இருக்க அரை மணி நேரம் போதும். ஊருக்கு ஊர், வீட்டுக்கு வீடு விதி மாறும் என்பதால் உங்கள் வீட்டில் எப்படி ஆடினார்களோ அதை ஆடத் தெரிந்தவரை ஆடவைத்து எழுதிக்கொள்ளுங்கள். ஒரு பக்கத்துக்கு ஏழு குழி. குழிக்கு ஐந்தா, ஆறா, பன்னிரண்டா. வலப்பக்கமா இடப்பக்கமா. கை விதை தீர்ந்ததும் அடுத்த குழியை அள்ளித் தொடர்வதா. வெற்றுக் குழி வந்தால் அதைத் தடவிவிட்டு அதற்கடுத்ததை எடுப்பதா, இரண்டும் வெற்றானால் ஆட்டம் கைமாறுமா. நான்கு சேர்ந்தால் பசு என்று உடனே எடுக்கலாமா, யார் பக்கத்துக் குழியோ அவருக்கா. தோற்றவர் அடுத்த ஆட்டத்தில் நிரப்ப முடியாத குழியை என்ன செய்வது. முழு ஆட்டம் ஒன்றைக் கைகள் மட்டும் தெரியும்படி போனில் படமெடுத்துக்கொள்ளுங்கள், விதை விழும் சத்தம் கேட்கும்படி. பின் அந்தத் தாளை மடித்து, ஆட்டத்துக்கு வேண்டிய புளியங்கொட்டையோடு ஒரு துணிப்பையில் போட்டுப் பலகையின் பின்புறம் கட்டிவிடுங்கள். பலகை எந்தக் கடைக்குப் போனாலும் அந்தப் பையும் கூடவே போகட்டும்.